எல்லை தாண்டும் தண்டவாளங்கள் – 9: பாஸா, தனி டிக்கெட்டா?

பாரிஸில் இறங்கி இரண்டு நாள். அங்கிருந்து சூரிச் வழியாக ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மூன்று இரவு. பிறகு மிலன் வழியாக வெனிஸ், ஃபுளோரன்ஸ். கடைசியாக ரோமில் விமானம் ஏறுவது. பத்து நாள் விடுப்பில் இந்தியாவிலிருந்து ஐரோப்பா கிளம்பும் பலரும் போடும் திட்டம் ஏறக்குறைய இதுதான். மூன்று நாடுகள், நான்கு ரயில் நாட்கள். விமான டிக்கெட் கைக்கு வந்த மறுநாளே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: ரயிலுக்கு யூரெயில் பாஸ் எடுத்துவிடலாமா, ஊருக்கு ஊர் தனித்தனி டிக்கெட் போடலாமா?

ஏற்கெனவே போய்வந்த பெரியவர்களைக் கேட்டால் தயங்காமல் பாஸ் என்பார்கள். அவர்கள் போன காலத்தில் அது சரியான பதில். இன்று பத்து நாள் பயணத்துக்கு அந்தப் பதில் பெரும்பாலும் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று தெரிந்துகொண்டால், எப்போது பொருந்தும் என்பதும் தானாகவே விளங்கும்.

யூரெயில் பாஸ் 1959-இல் பிறந்தது. போருக்குப் பிறகு எழுந்து நின்ற ஐரோப்பாவைப் பார்க்க வந்த அமெரிக்கர்களை மனத்தில் வைத்து, 13 நாடுகளின் ரயில்வேக்கள் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு அது. 1972-இல் ஐரோப்பிய இளைஞர்களுக்கென இன்டர்ரெயில் வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு மாதம் முழுக்க 21 நாடுகளில் சுற்றலாம். அன்றைக்கு ரயில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே விலை. டிக்கெட்டை இன்று வாங்கினாலும் மூன்று மாதம் முன்பு வாங்கினாலும் அதில் மாற்றம் இல்லை. அந்த விலையும் உயரமாக இருந்ததால், நான்கைந்து நீண்ட பயணம் போனாலே பாஸின் காசு வசூலாகிவிடும்.

அந்தக் கட்டண முறை பல நாடுகளில் மறைந்துவிட்டது. விரைவு ரயில்கள் வந்த பிறகு பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி ஆகிய நாடுகளின் ரயில்வேக்கள் விமான நிறுவனங்களைப் போல டிக்கெட் விற்கத் தொடங்கின. முன்கூட்டியே வாங்கினால் 20, 30 யூரோ. கிளம்பும் நாளில் வாங்கினால் அதே இருக்கைக்கு நூறு யூரோவும் அதற்கு மேலும். போட்டி நிறுவனங்கள் வேறு களத்தில் குதித்தன. இத்தாலியில் இத்தாலோ என்ற தனியார் ரயில் 2012 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. ஸ்பெயினில் 2021-இல் விகோவும் 2022-இல் இர்யோவும் வந்தன. முன்பதிவு செய்யும் பயணிக்கு இதனால் கட்டணம் இறங்கியது. பாஸ் வைத்திருப்பவருக்கு எந்தப் பலனும் இல்லை. இத்தாலோவிலும் விகோவிலும் யூரெயில் பாஸ் செல்லாது.

குறுகிய பயணக்காரர்களுக்கு இன்னொரு இழப்பும் நேர்ந்தது. முன்பு அடுத்தடுத்த இரண்டு, மூன்று, நான்கு நாடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து வாங்கும் ‘செலக்ட் பாஸ்’ என்று ஒன்று இருந்தது. பத்து நாள் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. 2019 வாக்கில் அது கைவிடப்பட்டது. இப்போது ஒரே ஒரு நாட்டுக்கான பாஸ் எடுக்கலாம், அல்லது 33 நாடுகளுக்கும் செல்லுபடியாகும் ‘குளோபல் பாஸ்’ எடுக்கலாம். மூன்று நாடு பார்க்கப் போகிறவர் போர்ச்சுகலுக்கும் பின்லாந்துக்கும் துருக்கிக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்.

இனி கணக்கு. குளோபல் பாஸின் மிகச் சிறிய வடிவம், ஒரு மாதத்துக்குள் ஏதாவது நான்கு நாட்கள் பயணிப்பது. பெரியவர்களுக்கு இரண்டாம் வகுப்பில் இதன் விலை அண்மை ஆண்டுகளில் 280 யூரோவை ஒட்டி இருந்துவருகிறது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் 28,000 ரூபாய். நாளுக்கு 70 யூரோ. இந்த 70 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒரு நாள் பயணத்தின் தனி டிக்கெட் 70 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் அன்றைக்குப் பாஸ் நஷ்டம்; மேலே போனால் லாபம்.

ஆனால் 70 யூரோவோடு செலவு முடிவதில்லை. நம் ஊரில் உறுதியான டிக்கெட் என்றால் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அதிலேயே வந்துவிடும். ஐரோப்பாவில் பயணம் செய்யும் உரிமை வேறு, இருக்கை வேறு. பாஸ் தருவது முதலாவதை மட்டும். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகியவற்றில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குப் பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பிரான்ஸுக்குள் ஓடும் டிஜிவியில் 10 அல்லது 20 யூரோ. இத்தாலிய விரைவு ரயில்களில் 13 யூரோ அளவில். பாரிஸ்–சூரிச் ஓடும் லிரியாவிலும் லண்டன் யூரோஸ்டாரிலும் 30 யூரோவை ஒட்டி.

பாரிஸ்–ரோம் திட்டத்தை இந்தத் தராசில் வைத்தால், பாஸுக்கு 280, லிரியாவுக்கு 30, சூரிச்–மிலன், மிலன்–வெனிஸ், வெனிஸ்–ஃபுளோரன்ஸ், ஃபுளோரன்ஸ்–ரோம் ஆகிய நான்குக்கும் தலா 13 யூரோ அளவில் முன்பதிவு. ஒருவருக்கு 350 யூரோ தாண்டிவிடுகிறது. இதே ரயில்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் தனி டிக்கெட் போட்டால்? லிரியாவின் தொடக்கக் கட்டணமே 30 யூரோவை ஒட்டித்தான். அது தீர்ந்திருந்தாலும் 50, 60-க்குக் கிடைக்கும். இத்தாலிக்குள் ஒவ்வொரு பயணமும் 20, 25 யூரோவில் முடியும். எல்லாம் சேர்த்து 150-க்கும் 200-க்கும் இடையில் அடங்கும். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். ஃபுளோரன்ஸில் இரண்டு இரவுத் தங்கல் செலவு அதில் வந்துவிடும்.

கடைசி வாரத்தில் டிக்கெட் வாங்கினால் கணக்கு தலைகீழாகும், அப்போது பாஸே மலிவு என்று ஒருவர் சொல்லலாம். எண்களைப் பார்த்தால் உண்மைதான். ஆனால் லிரியா, யூரோஸ்டார் போன்ற ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகளுக்கு வரம்பு உண்டு. கோடை விடுமுறையில் அவை முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதாவது, பாஸ் எடுத்தவரும் தேதியை முன்பே முடிவு செய்து, ரயிலைக் குறித்து, பணம் கட்டியாக வேண்டும். நினைத்த நேரத்தில் நினைத்த ரயிலில் ஏறலாம் என்பதுதான் பாஸின் உயிர். அது இந்தத் தடத்தில் இல்லை.

அந்த உயிர் இன்னும் துடிப்போடு இருக்கும் நாடுகள் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவற்றின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு கட்டாயமில்லை. பிளாட்பாரத்துக்குப் போய் வருகிற ரயிலில் ஏறி, காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம்.

கொலோன், பெர்லின், மியூனிக், சூரிச், வியன்னா என்று ஒரு தடம் எடுத்துக்கொள்வோம். கொலோனிலிருந்து பெர்லின் நாலரை மணி நேரம், பெர்லினிலிருந்து மியூனிக் நான்கு மணி, மியூனிக்–சூரிச் மூன்றரை மணி, சூரிச்சிலிருந்து வியன்னா எட்டு மணிக்குச் சற்றுக் குறைவு. நான்கு நாளும் நீண்ட பயணம், எதிலும் கட்டாய முன்பதிவுக் கட்டணம் இல்லை. கிளம்பும் நாளில் வாங்கினால் பெர்லின்–மியூனிக் டிக்கெட் ஒன்றே நூறு யூரோவைத் தாண்டும். இங்கே நான்கு நாள் பாஸ் தாராளமாக ஜெயிக்கும். முன்கூட்டியே வாங்குகிறவருக்கு ஜெர்மன் ரயில்வேயின் ‘ஷ்பார்பிரைஸ்’ சலுகை டிக்கெட்டும் ஆஸ்திரிய ரயில்வேயின் ‘ஷ்பார்ஷீன’ சலுகை டிக்கெட்டும் இங்கேயும் பாஸைவிட மலிவாகவே கிடைக்கும். ஆனால் அந்த டிக்கெட் ஒரு குறிப்பிட்ட ரயிலோடு கட்டுண்டது. காலையில் மழை பெய்கிறது, மியூனிக்கில் இன்னும் மூன்று மணி நேரம் அருங்காட்சியகத்தில் இருக்கலாம் என்று தோன்றினால் டிக்கெட் போச்சு. பாஸ் எடுத்தவர் அடுத்த ரயிலுக்குப் போவார்.

ஜெர்மன் நெடுந்தூர ரயில்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024-இல் அவற்றில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்து சேர்ந்தன; அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல். இரண்டு ரயில் மாறிப் போகும் இடத்தில் முதல் ரயில் தாமதமானால் என்ன ஆகும் என்பது டிக்கெட்டைப் பொறுத்தது. ஒரே பதிவில் வாங்கிய தொடர் டிக்கெட் என்றால், சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்ததுமே குறிப்பிட்ட ரயில் என்ற கட்டு ஜெர்மனியில் விலகிவிடும். வேறு ரயிலில் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணிக்கு மேல் 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கிய மலிவு டிக்கெட்டுகள் என்றால், தவறவிட்ட இரண்டாவது ரயிலுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மிச்சம் பிடித்த 30 யூரோ அங்கே கரைந்துபோகும். தனி டிக்கெட் எடுப்பவர்கள் மாறும் நிலையத்தில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுத் திட்டமிடுவது நல்லது.

சுவிட்சர்லாந்து தனிக்கதை. அங்கே பழைய முறை இன்னும் பெருமளவு வாழ்கிறது: தூரத்துக்கு ஏற்ற நிலையான கட்டணம், அதுவும் உயர்ந்த கட்டணம். ஆகவே பாஸ் அங்கே கொடுத்த காசுக்கு ஈடாக நிற்கும். யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆல்புலா–பெர்னினா ரயில் பாதையைப் பாருங்கள். சூரிச்சிலிருந்து கூர் வந்து, அங்கிருந்து பனிமலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, இத்தாலிய எல்லைக்குள் இருக்கும் திரானோவில் இறங்கி, இன்னொரு சாதாரண ரயிலில் மிலன் சேரலாம். இந்த ஒரு நாள் பயணத்தின் முழுக் கட்டணம் நூறு பிராங்கைத் தாண்டும். யூரெயில் பாஸில் அன்றைக்கு 70 யூரோதான், முன்பதிவுக் கட்டணமும் கிடையாது. ஒரு நிபந்தனை, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ஸில் ஏறக்கூடாது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில், அதே மலைகளின் ஊடே ஓடும் சாதாரண ரயிலில் ஜன்னலைத் திறந்து படம் எடுக்கவும் முடியும். பயணிகளில் பலர் இந்தச் சாதாரண ரயில் இருப்பதை அறியாமலே பணம் கட்டுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

ஆனால் சுவிட்சர்லாந்திலேயே மூன்று நான்கு நாள் தங்கி மலை, ஏரி என்று சுற்றுகிறவருக்கு யூரெயில் சரிப்படாது. யுங்ஃபிராவ் போன்ற மலை ரயில்களில் அது தள்ளுபடி மட்டுமே தரும். அந்த நாட்டுக்கென்றே இருக்கும் ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ வேறு வகை. மூன்று நாளுக்கு 240 பிராங்குக்கு மேல் ஆகும் என்றாலும் ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம், 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ரிகி மலைக்குப் போகும் ரயிலும் அடக்கம். இன்டர்லாகனிலிருந்து கிரிண்டெல்வால்ட், வெங்கன் வரை இலவசம். அதற்கு மேல் தள்ளுபடி. பாரிஸிலிருந்து சுவிஸ்ஸுக்கும், சுவிஸ்ஸிலிருந்து இத்தாலிக்கும் முன்கூட்டியே வாங்கிய தனி டிக்கெட், நடுவில் சுவிஸ் பாஸ் என்ற கலவைதான் தொடக்கத்தில் சொன்ன திட்டத்துக்குச் சரியான விடை.

மத்திய ஐரோப்பா பக்கம் போகிறவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை. பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். ரயில்வே நிறுவனங்களோடு ரெஜியோஜெட் என்ற மஞ்சள் நிறத் தனியார் ரயிலும் போட்டி போடுகிறது. இரண்டு பயணமும் சேர்ந்தே முன்பதிவில் 50 யூரோவுக்குள் முடியும். பாஸ் வேண்டாம். லக்சம்பர்க்கில் இன்னும் எளிது: 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் இரண்டாம் வகுப்பு ரயிலும் பஸ்ஸும் எல்லாருக்கும் இலவசம்.

வயதும் கணக்கை மாற்றும். 27 வயது வரை உள்ளவர்களுக்குப் பாஸில் நான்கில் ஒரு பங்கு குறையும்; 60 தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம். 4 முதல் 11 வயதுக் குழந்தைகள், பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை, இலவசம். இரண்டு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். கட்டாய முன்பதிவு உள்ள ரயிலில் அந்தப் பிள்ளைகளின் இருக்கைக்கும் காசு கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் தனி டிக்கெட் எடுத்தாலும், 14 வயது வரையுள்ள பிள்ளைகளை டிக்கெட்டில் பதிந்துவிட்டால் பெற்றோரோடு இலவசம்தான்.

யார் எந்தப் பாஸ் வாங்கலாம் என்பதில் பாஸ்போர்ட்டின் நிறம் முக்கியமில்லை. குடியிருக்கும் நாடே முக்கியம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவருக்கு யூரெயில். உள்ளே வசிப்பவருக்கு இன்டர்ரெயில். சூரிச்சிலோ ஓஸ்லோவிலோ பாரிஸிலோ குடியேறிய ஈழத்தமிழர் வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ தங்கை வந்திருக்கிறார், இருவரும் சேர்ந்து சுற்றப் போகிறார்கள் என்றால், தங்கைக்கு யூரெயில், அண்ணனுக்கு இன்டர்ரெயில். அண்ணனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தாம் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் மட்டுமே அவருடைய பாஸ் செல்லும். தங்கைக்கு அந்தத் தடை கிடையாது.

இந்தியப் பயணிக்கு வேறொரு கவலை இருக்கிறது: விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரைகூட ஆகும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ; நிராகரித்தால் அதுவும் திரும்பாது. விசா வருமுன் மலிவான ரயில் டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்தால், அவற்றில் பெரும்பாலானவை பணம் திரும்பாத வகை. சாதாரண யூரெயில் பாஸ் இந்த இடத்தில் பாதுகாப்பானது. வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும்; ஒரு நாள்கூடப் பயன்படுத்தாவிட்டால் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும். சலுகை விலை விற்பனையில் வாங்கியதற்கு இந்த வசதி இருக்காது என்பதால் நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். ஆனாலும் இதற்காகவே பாஸ் எடுக்கலாம் என்று சொல்வதற்கில்லை. விண்ணப்பத்தை முன்கூட்டியே, நான்கைந்து மாதம் முன்னால் கொடுத்து, விசா கைக்கு வந்ததும் டிக்கெட் போட்டால் மலிவு விலை இன்னும் மிச்சம் இருக்கும். லண்டனையும் சேர்த்துக்கொள்கிறவர்களுக்குப் பிரிட்டன் விசா வேறு, ஷெங்கன் விசா வேறு.

பாஸ்தான் என்று முடிவு செய்தவர்கள் நாட்களைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். இரவு ரயிலில் ஏறினால் கிளம்பும் நாள் மட்டுமே கணக்கில் போகும், நள்ளிரவுக்குப் பின் வேறு ரயில் மாறாத வரை. பெர்த்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒரு விடுதி இரவு மிச்சம். பத்து யூரோ டிக்கெட்டில் முடியும் சிறு பயணத்துக்கு ஒரு பாஸ் நாளை எரிக்க வேண்டாம். அன்றைக்குப் பத்து யூரோ கொடுத்துவிட்டு, அந்த நாளைச் சூரிச்–வியன்னாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாஸ் இப்போது கைப்பேசிச் செயலியில்தான் வருகிறது. ஏறும் ரயிலைச் செயலியில் சேர்த்து, அன்றைய நாளைத் தொடங்கி, கியூஆர் குறியீட்டைப் பெற்ற பிறகே ஏற வேண்டும். அதைச் செய்யாமல் ஏறினால், பாஸ் இருந்தும் டிக்கெட் இல்லாதவர் என்றே பரிசோதகர் எழுதுவார், அபராதமும் வரும். காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்துப் பழக்கத்தில் உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். போகப்போகும் நான்கைந்து பயணங்களையும் ஒரு தாளில் எழுதி, அந்தந்த நாட்டு ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே, அதே தேதிகளுக்கு விலை பாருங்கள். இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணம் சேர்க்கும். எந்தெந்த ரயிலில் முன்பதிவு கட்டாயம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தேதி உறுதியாக இருந்து, தடம் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று இருந்தால் தனி டிக்கெட் எடுங்கள். தேதி தளர்வாகவும் தடம் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்றும் இருந்தால் பாஸ் எடுங்கள்.